மெக்சிகோ லீகைச் சென்னையிலிருந்து பின்தொடர: ஒரு கிளப், இரண்டு டோர்னமென்ட், ஒரு ஷீட்

ஐரோப்பிய கால்பந்து லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் மெக்சிகோவின் லீகா எம்.எக்ஸ். பக்கம் வந்ததும் குழம்புவது ஒரே இடத்தில்தான். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும் நீண்ட சீசன் அங்கே கிடையாது. ஓராண்டுக்கு இரண்டு டோர்னமென்ட். ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிவது அபெர்துரா. ஜனவரியில் தொடங்கி மே மாதம் முடிவது கிளௌசுரா. இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளிப் பட்டியல், தனித்தனி சாம்பியன். நவம்பரில் அடிமட்டத்தில் கிடந்த அணி ஜனவரியில் எல்லோரோடும் சமமாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

மொத்தம் 18 அணிகள். ஒரு டோர்னமென்டில் ஒவ்வொரு அணியும் மற்ற 17 அணிகளோடு தலா ஒரு முறை மட்டும் மோதும். அபெர்துராவில் உங்கள் கிளப் யாரைச் சொந்த மைதானத்தில் சந்தித்ததோ, அவர்கள் மைதானத்துக்குக் கிளௌசுராவில் போயாக வேண்டும். 17 ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு டோர்னமென்டில் 9 மேட்ச் வீட்டில் கிடைத்தால் அடுத்ததில் 8தான். அட்டவணை வெளியானதும் முதலில் இதை எண்ணுங்கள். 9 வீட்டு மேட்ச் கிடைத்தும் நாக்-அவுட் கட்டத்துக்கான முதல் எட்டுக்குள் வராத அணிக்கு அடுத்த ஆறு மாதம் இன்னும் கடினமாகத்தான் இருக்கும்.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 1916இல் தொடங்கிய கிளப் அமெரிக்கா மெக்சிகோ சிட்டி அணி. 2024 முடிவில் 16 லீக் பட்டங்களோடு முதலிடத்தில் இருந்தது. நாட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கும், மீதிப் பேருக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1906இல் தொடங்கிய குவாதலஹாரா, அதாவது சீவாஸ், மெக்சிகோ வீரர்களை மட்டுமே ஆட வைக்கும் கிளப். வடக்கே மோன்தெர்ரே நகரத்தின் இரு பணக்கார அணிகள் மோன்தெர்ரேவும் திக்ரெஸும். தலைநகரில் க்ருஸ் அசுலும், பல்கலைக்கழக அணியான பூமாஸும் உண்டு. 2025இல் கிளௌசுரா, அபெர்துரா இரண்டையும் தூக்கியது தொலுகா.

நாம் சொல்வது இதுதான்: வெளியிலிருந்து புதிதாகப் பின்தொடர்பவர் பெரிய அணியிலிருந்து தொடங்குவது வசதி. செய்தி அதிகம் வரும், மேட்ச் நேரமும் பெரும்பாலும் வார இறுதி இரவு. சின்ன அணிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, கிளப்பே கைமாறி ஊர் மாறிவிடலாம். 2020இல் மொரேலியாவின் இடம் அப்படியே மசத்லானுக்குப் போனது.

ஒரு அணிக்குப் பல பெயர் என்பதால் செய்தி படிக்கும்போது குழப்பம் வரும். அகிலாஸ் என்றால் கிளப் அமெரிக்கா. ரயாதோஸ் என்றால் மோன்தெர்ரே. லா மாகினா என்றால் க்ருஸ் அசுல். தியாப்லோஸ் ரோஹோஸ் தொலுகா, தூசோஸ் பச்சுகா. போனில் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டால் இந்தப் பட்டப்பெயர்களையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிடும். தியாப்லோஸ் ரோஹோஸ் 'ரெட் டெவில்ஸ்' ஆகிவிடும், அது மான்செஸ்டர் யுனைடெட்டின் பட்டப்பெயர். தொலுகா மேட்ச் மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச் போலத் தோன்றுவது அதனால்தான்.

நேரம்: தவறு நடப்பது இங்கேதான்

2022 அக்டோபரில் மெக்சிகோ கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டது. அன்றிலிருந்து மெக்சிகோ சிட்டிக்கும் சென்னைக்கும் ஆண்டு முழுவதும் 11 மணி 30 நிமிட வித்தியாசம், நாம் முன்னால். கணக்கு சுலபம்: இரவு என்பதை மறுநாள் காலை என்று மாற்றி, அரை மணி நேரம் குறைத்துவிடுங்கள். சனி இரவு 9 மணி மேட்ச் நமக்கு ஞாயிறு காலை 8.30. இரவு 7 மணி மேட்ச் காலை 6.30. மாலை 5 மணி மேட்ச் விடியற்காலை 4.30, இதை நேரலையில் பார்க்க முயல்வது உங்கள் விருப்பம்.

ஞாயிறு பகல் 12 மணி மேட்ச் மட்டும் விதிவிலக்கு. பூமாஸும் தொலுகாவும் சொந்த மைதானத்தில் பழைய வழக்கமாக அந்த நேரத்தில் ஆடும் அணிகள். அது நமக்கு அதே ஞாயிறு இரவு 11.30. தேதி மாறாது. மற்ற மேட்ச்களுக்கு நாளைத் தள்ளிப் பழகியவர்கள் இதையும் திங்கள் என்று குறித்து வைத்து ஏமாறுவார்கள்.

லீக் வெளியிடும் அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் மெக்சிகோ சிட்டியின் நேரம். ஆனால் கிளப்பின் சொந்த போஸ்டரில் அந்த ஊர் நேரம் இருக்கலாம். எல்லையில் இருக்கும் திஹுவானா அமெரிக்காவின் கலிஃபோர்னியா நேரத்தைப் பின்பற்றுகிறது: கோடையில் நமக்கும் அவர்களுக்கும் 12.30 மணி நேர வித்தியாசம், நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் வரை 13.30. அங்கே போஸ்டரில் இரவு 7 என்றிருந்தால் அக்டோபரில் நமக்குக் காலை 7.30, ஜனவரியில் 8.30. சியுதாத் ஹுவாரெஸ் கோடையில் மெக்சிகோ சிட்டியோடு ஒத்துப்போகும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கும். இந்த இரண்டு ஊர் மேட்ச்களுக்கு மட்டும் லீக் அட்டவணையையும் போஸ்டரையும் ஒப்பிட்டுவிட்டு அலாரம் வையுங்கள்.

காலண்டரில் ஏற்றும்போது சென்னை நேரத்தைக் கையால் கணக்கிட்டு எழுதாதீர்கள். நிகழ்வின் நேர மண்டலத்தை மெக்சிகோ சிட்டி என்று வைத்து அவர்கள் நேரத்தையே போடுங்கள், மாற்றுவதைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: 2022க்குப் பிறகு அப்டேட் வாங்காத பழைய போன் இன்னும் கோடைக்கால நேரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு மணி நேரம் முன்னதாகக் காட்டும். அலாரம் அடிக்கும், திரையில் மேட்ச் இருக்காது. அப்படியிருந்தால் சிக்கல் போனில்தான்.

ஷீட் தயாரித்தல்

கூகுள் ஷீட் போதும். ஒரு டோர்னமென்டுக்கு ஒரு தாள், 17 வரிசை. அட்டவணையில் ஒவ்வொரு சுற்றையும் ஹொர்னாதா 1, ஹொர்னாதா 2 என்று எண்ணிட்டிருப்பார்கள். அந்த எண்ணை முதல் நிரலில் வையுங்கள். பிறகு மெக்சிகோ தேதி, சென்னை தேதியும் நேரமும், எதிரணி, வீடா வெளியா, முந்தைய மேட்சிலிருந்து எத்தனை நாள் இடைவெளி, ஸ்கோர், சேர்ந்த புள்ளி. கடைசியாக ஒரு நிரல்: அந்தச் சுற்று முடிவில் 8ஆம் இடத்தில் இருக்கும் அணியின் புள்ளி. முதலிடத்தின் புள்ளியைவிட இதுதான் முக்கியம். காரணம் கீழே வருகிறது.

இடைவெளி நாள் நிரலை விட்டுவிடாதீர்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும் சுற்றுகளுக்கு நடுவே, செவ்வாய், புதன் இரவுகளில் ஒரு சுற்றைச் செருகுவார்கள். அந்த வாரத்தில் 3 நாளில் இரண்டு மேட்ச் ஆடும் அணியின் வரிசையில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் கோச்சைத் திட்டக் கூடாது.

மைதானத்தின் உயரத்துக்கும் ஒரு நிரல் போடலாம். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், ஊட்டி அளவு. பச்சுகா சுமார் 2,400. தொலுகா சுமார் 2,660 மீட்டர், தொட்டபெட்டா உச்சியைவிடச் சற்றே மேலே. அங்கே பகல் 12 மணி வெயிலில், தாழ்வான ஊரிலிருந்து வந்த அணி ஓட வேண்டும். காற்று மெல்லியது என்பதால் நீளமாக அடித்த பந்து எதிர்பார்த்ததைவிடத் தள்ளி விழும். வெளியூர் கோல்கீப்பர்கள் தூரத்து ஷாட்டுகளில் தடுமாறுவது அதனால். வெளியூர் அணி இரண்டாம் பாதியில் பின்வாங்கி நிற்பதைப் பார்த்தால் எப்போதும் கோச்சின் திட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மூச்சு வாங்குகிறது என்பதும் காரணமாக இருக்கும். திஹுவானாவில் வேறு தொல்லை: தரை செயற்கைப் புல், தலைநகரிலிருந்து பல மணி நேர விமானப் பயணம். மோன்தெர்ரேயில் ஜூலை, ஆகஸ்ட் வெயில். அதைச் சென்னைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

புள்ளிப் பட்டியலைப் படிப்பது

வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. சமமானால் முதலில் கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல். பட்டியலின் தலைப்பெழுத்துகளில் ஒரு பொறி இருக்கிறது. ஜே.ஜே. என்பது ஆடிய மேட்ச், ஜே.ஜி. வென்றது, ஜே.இ. டிரா, ஜே.பி. தோற்றது. ஆங்கிலப் பட்டியலில் பி என்றால் ஆடியது என்று பழகியவர்கள் ஜே.பி.யைப் பார்த்து, "என்னது, 4 மேட்ச்தான் ஆடியிருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். ஜி.எஃப். அடித்த கோல், ஜி.சி. வாங்கிய கோல். ஜே.ஜே. நிரலில் எல்லோருக்கும் ஒரே எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தள்ளிவைத்த மேட்ச் இருந்தால் இடம் பொய் சொல்லும்.

நடைமுறைக் கணக்கு: மேட்சுக்கு சராசரி ஒன்றரைப் புள்ளி, அதாவது 17 மேட்சில் 25 அல்லது 26 எடுத்த அணி பெரும்பாலும் முதல் எட்டுக்குள் இருக்கும். ஆகவே 10ஆம் சுற்று முடிவில் 15 என்பது கரை. 11தான் இருக்கிறது என்றால் மீதி 7 மேட்சில் மேட்சுக்கு இரண்டு புள்ளி வீதம் வேண்டும். அது சாம்பியன் அணிகளின் வேகம், மந்தமாக ஆடிய அணிக்குத் திடீரென்று வராது. மேட்சுக்கு இரண்டைத் தாண்டினால் முதல் மூன்று இடங்களுக்கான பேச்சு.

இந்தக் கணக்கோடு நேர்மையான ஒரு கேள்வியும் தேவை: யாரோடு ஆடி எடுத்த புள்ளி? ஒரு எதிரணியை ஒரு முறைதான் சந்திப்பார்கள் என்பதால், முதல் 8 சுற்றில் அடிமட்ட அணிகள் குவிந்திருந்தால் பட்டியலில் உயரமாகத் தெரிவது இயல்பு. மீதி வரிசையைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

கீழே போனால் என்ன ஆகும்? இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குவதை 2020இல் நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுப் புள்ளிகளை ஆடிய மேட்ச்களால் வகுத்து வரும் சராசரியில் கடைசி மூன்று கிளப்புகளுக்கு அபராதம். இந்தச் சராசரிப் பட்டியலும் தளங்களில் தனியாக இருக்கும். அதை லீக் நிலவரம் என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொன்று, இளம் வீரர்களை ஒரு டோர்னமென்டில் குறிப்பிட்ட மொத்த நிமிடங்கள் ஆட வைக்க வேண்டும் என்ற விதி. நிறைவேற்றாவிட்டால் புள்ளி வெட்டு. தெரியாத பெயருள்ள பையன் தொடர்ந்து முதல் பதினொன்றில் வந்தால், திறமையோடு இந்தக் கணக்கும் காரணமாயிருக்கலாம்.

லிகீயா: சாம்பியன் உருவாகும் இடம்

17 சுற்று முடிந்ததும் நாக்-அவுட் கட்டம், பெயர் லிகீயா. பட்டியலில் முதலிடம் என்பதற்குத் தனிக் கோப்பை இல்லை. சி.எஸ்.கே. ஐந்து முறை ஐ.பி.எல். கோப்பையை வென்றதில் ஒரு முறைகூட லீக் பட்டியலில் முதலிடம் பிடிக்கவில்லை. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு லிகீயாவை விளக்குவது எளிது.

உள்ளே எப்படி வருகிறார்கள் என்பதை ஒவ்வொரு டோர்னமென்டுக்கும் முன்னால் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அடிக்கடி மாற்றுகிறார்கள். 2020 முதல் சில ஆண்டுகள் 12 அணிகளுக்கு வாய்ப்பு இருந்தது. 2023 அபெர்துராவில் பிளே-இன் வந்தது: முதல் 6 அணிகள் நேரே உள்ளே, 7ம் 8ம் மோதி வென்றவர் உள்ளே, 9ம் 10ம் மோதி தோற்றவர் வெளியே, மீந்த இருவரும் மோதி கடைசி இடம். 2026 கிளௌசுராவுக்கு அதையும் எடுத்துவிட்டு முதல் எட்டையே அனுப்ப முடிவு செய்தார்கள். பழைய கட்டுரையைப் படித்துவிட்டு 10ஆம் இடத்தில் இருக்கும் கிளப்புக்காகக் காத்திருக்காதீர்கள்.

காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் இரண்டு மேட்ச் கொண்டவை. முதலாவது ஈதா, இரண்டாவது வுவெல்தா. பட்டியலில் மேலே முடித்தவருக்கு வுவெல்தா சொந்த மைதானத்தில். காலிறுதியிலும் அரையிறுதியிலும் மொத்த கோல் சமமானால் எக்ஸ்ட்ரா டைமும் இல்லை, பெனால்டியும் இல்லை. பட்டியலில் மேலே இருந்தவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். வெளிமைதான கோலுக்கு முன்னுரிமை கொடுத்த விதியை 2021இலேயே எடுத்தாகிவிட்டது. இறுதியில் மட்டும் சமமானால் எக்ஸ்ட்ரா டைம், பிறகு பெனால்டி. 2025 டிசம்பரில் தொலுகாவும் திக்ரெஸும் 2-2 என நின்று, பெனால்டியில் 9-8 என முடிந்தது அப்படித்தான்.

2024 அபெர்துராவை எடுத்து ஷீட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் விதி முழுவதும் கைக்கு வந்துவிடும். க்ருஸ் அசுல் 17 மேட்சில் 42 புள்ளி, இந்த வடிவத்தில் சாதனை. அமெரிக்கா 8ஆம் இடம். பிளே-இன்னில் திஹுவானாவோடு 2-2, பெனால்டியில் வென்று 7ஆவது அணியாக நுழைந்தது. பிறகு திஹுவானாவும் உள்ளே வந்து, காலிறுதி ஈதாவில் க்ருஸ் அசுலை 3-0 என்று அடித்தது. வுவெல்தாவில் க்ருஸ் அசுலுக்கு 3-0. மொத்தம் 3-3, 42 புள்ளியின் பலன் அங்கே கிடைத்தது, முதலிடம் என்பதால் அவர்களே அரையிறுதிக்கு.

அரையிறுதி ஜோடிகளை மறுபடி வரிசைப்படுத்துவார்கள்: மீதியிருக்கும் அணிகளில் மிக மேலே இருப்பவருக்கு மிகக் கீழே இருப்பவர். அதனால் க்ருஸ் அசுலுக்கு அமெரிக்கா வந்தது. ஈதா 0-0. வுவெல்தா 3-3 என்றால் க்ருஸ் அசுல் இறுதிக்குப் போயிருக்கும். அமெரிக்கா கடைசி நேரத்தில் நான்காவதை அடித்தது. இந்த மேட்சை ரிப்ளேயில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கோர் சமமாக இருக்கும்போது எந்த அணி நேரத்தைக் கடத்துகிறது, எந்த அணி அவசரப்படுகிறது என்பது விதி தெரிந்தால்தான் புரியும். இறுதியில் மோன்தெர்ரே எதிரணி. சொந்த மைதானமான அஸ்தேகா 2026 உலகக் கோப்பை வேலைகளுக்காகப் பூட்டியிருந்ததால் அமெரிக்கா வாடகை வீட்டில் ஆடிய காலம் அது. ஈதா புவெப்லாவில் 2-1, வுவெல்தா மோன்தெர்ரேயில் 1-1. எட்டாம் இடத்து அணி தொடர்ந்து மூன்றாவது முறை சாம்பியன்.

8ஆம் இடத்தின் புள்ளிக்கு ஷீட்டில் தனி நிரல் போடச் சொன்னது இதற்காகத்தான்.

லிகீயா மேட்ச் தேதிகள் முன்கூட்டித் தெரியாது. காலிறுதி ஜோடிகள் முடிவான பிறகுதான் எந்த மேட்ச் எந்த இரவு என்று அறிவிப்பார்கள். வழக்கமாக ஈதா புதன் அல்லது வியாழன் இரவு, வுவெல்தா சனி அல்லது ஞாயிறு. நமக்கு ஈதா அலுவலக நாள் காலையில் விழும். லீவு போடுவதாக இருந்தால் ஈதாவுக்குத்தான் தேவை; வுவெல்தா ஞாயிறு இரவு என்றால் அதுவும் நமக்குத் திங்கள் காலை.

நடுவில் வரும் மற்ற போட்டிகள்

பிப்ரவரியில் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கும். மெக்சிகோவிலிருந்து இரு டோர்னமென்டுகளின் சாம்பியன்கள், ரன்னர்-அப்கள், ஆண்டு முழுவதும் கூட்டிய பட்டியலில் அடுத்து இருப்பவர்கள் போவார்கள். ஆகவே ஷீட்டில் அபெர்துரா புள்ளியைத் தூக்கிப் போடாமல் ஓரத்தில் வையுங்கள். கிளௌசுராவோடு கூட்டத் தேவைப்படும். இந்தக் கோப்பையில் வெளிமைதான கோல் விதி உண்டு. ஒரே அணி வாரநாளில் ஒரு விதியிலும் வார இறுதியில் இன்னொரு விதியிலும் ஆடும் மாதங்கள் இவை.

ஜூலை கடைசியில் அல்லது ஆகஸ்டில் லீக்ஸ் கோப்பை, அமெரிக்க லீகான எம்.எல்.எஸ். கிளப்புகளோடு. 2019இல் தொடங்கி 2023இல் விரிவான இந்தப் போட்டி பெரும்பாலும் அமெரிக்க மண்ணில்தான். முதல் கட்டத்தில் டிரா ஆனால் நேரே பெனால்டி. வென்றவருக்கு 2 புள்ளி, தோற்றவருக்கு 1. இந்தப் புள்ளிகள் லீக் ஷீட்டில் சேரக் கூடாது. அதற்காக லீக் கொஞ்ச காலம் நிற்கும். அபெர்துரா தொடங்கிய கையோடு திடீரென்று மேட்ச் காணாமல் போனால் காரணம் அதுதான். நேரக் கணக்கும் மாறும்: ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் 9.30 மணி நேர வித்தியாசம், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 12.30.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணி இடைவெளிகள். பெரிய கிளப்புகளிலிருந்து அதிக வீரர்கள் போவார்கள், களைத்துத் திரும்புவார்கள். ஷீட்டில் அந்த வாரங்களுக்கு நிறம் தீட்டி வைத்தால் அடுத்த மேட்சின் டிரா ஆச்சரியமாக இருக்காது.

எங்கே பார்ப்பது

மெக்சிகோவில் சொந்த மைதான மேட்சின் ஒளிபரப்பு உரிமையை ஒவ்வொரு கிளப்பும் தனியாக விற்கிறது. ஆகவே உங்கள் கிளப் வெளியே ஆடும்போது அந்த வாரம் சேனல் மாறும். இந்தியாவில் யார் காட்டுகிறார்கள் என்பதை டோர்னமென்ட் தொடக்கத்தில் லீக்கின் அதிகாரப்பூர்வத் தளத்திலும் கிளப் பக்கத்திலும் பாருங்கள். நேரலை கிடைக்காத மேட்சுக்குக் கிளப்பின் யூடியூப் சேனலில் சுருக்கம் வரும். சுருக்கம் பார்க்கும்வரை ஸ்கோர் தெரியக் கூடாதென்றால் கிளப்பின் அறிவிப்புகளைச் சனி இரவே அணைத்து வையுங்கள். தம்ப்நெயிலிலேயே ஸ்கோரைப் போட்டுவிடும் பழக்கம் அங்கேயும் உண்டு.

முதல் பதினொன்று மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கிளப்பின் கணக்குகளில் வரும். காலை 8.30 மேட்ச் என்றால் 7.30க்கு. பெயர்களை எழுதிக்கொள்ளும்போது வெளிநாட்டு வீரர்களைத் தனியாகக் குறியுங்கள்; ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, கோச்சின் மாற்றங்கள் சில சமயம் அதனாலேயே விநோதமாகத் தெரியும்.

டிசம்பர் நடுவில் இறுதி முடிந்ததும் ஓய்வு சொற்பம். ஜனவரி முதல் பாதியிலேயே கிளௌசுரா முதல் சுற்று. அந்த மூன்று, நான்கு வாரத்துக்குள் வீரர் வாங்கல் விற்றல் நடக்கும், சில கிளப்புகளில் கோச்சும் போயிருப்பார். புது தாள் திறந்து 17 எதிரணிகளையும் வீடு, வெளி மாற்றிப் போடுங்கள். கூட்டுப் பட்டியலுக்கான அபெர்துரா புள்ளியை மட்டும் எடுத்து வந்து மேல் மூலையில் ஒட்டுங்கள். போனவர், வந்தவர் பெயர்களை முதல் சுற்றுக்கு முன்பே எழுதிவிட்டால் ஜனவரி முதல் மேட்சில் ஜெர்சி எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.